இவான் இலியிச்சின் தம்பி

டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' குறுநாவலை நான் படித்தது ஒரு முதியோர் இல்லத்தின் வரவேற்பறையில். பாட்டியை அங்கே சேர்த்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. பார்வையாளர் நேரம் மாலை 4 மணிக்குத்தான் தொடங்கும். காலை ஷிஃப்ட் முடித்து நேராக வந்தால் 3.30க்கே போய்ச் சேர்ந்துவிடுவேன். அந்த அரைமணி நேரத்தை ஓட்டுவதற்காகப் பையில் கிடந்த புத்தகம் அது. இடம் தெரிந்து யாரும் அப்படி ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்தான். ஆனால் எடுத்த பிறகு கீழே வைக்க முடியவில்லை. மூன்று நாள், மூன்று அரைமணி நேரம், முடிந்தது.

முடித்தபின் வழக்கம்போலப் பின்கதையைத் தேடிப் போனேன். இவான் இலியிச் கற்பனை ஆள் இல்லை. உண்மைப் பெயரே இவான் இலியிச் தான். முழுப்பெயர் இவான் இலியிச் மெச்னிகாஃப், டால்ஸ்டாயின் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் துலா நகர நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர். 1881-இல் சீழ்த்தொற்றில் இறந்தார். ஐந்தாண்டு கழித்து, 1886-இல், குறுநாவல் வந்தது.

மெச்னிகாஃப் என்ற பெயர்தான் என்னை நிறுத்தியது. எங்கோ கேட்ட பெயர். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு, கழிவுநீர் நுண்ணுயிரியல் பாடம். தாடியும் மூக்குக்கண்ணாடியுமாக ஒருவர் படம் திரையில் வந்தது. "தயிர் சாப்பிட்டா நூறு வயசு வாழலாம்னு சொன்ன ஆளு" என்று ஒரு வரி சொல்லிவிட்டு விரிவுரையாளர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். பரீட்சைக்கு வராது என்று நானும் எழுதிக்கொள்ளவில்லை. அந்தத் தாடிக்காரர் இலியா மெச்னிகாஃப். இவான் இலியிச்சின் சொந்தத் தம்பி.

உலக இலக்கியத்தில் மரணத்தை இவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்த்த கதைகள் குறைவு. அந்த மரணத்தின் மூலநபருக்கு ஒரு தம்பி. அந்தத் தம்பி, மனிதன் ஏன் கிழவனாகிறான், ஏன் சாவுக்குப் பயப்படுகிறான் என்று தேடி, தேடி, கடைசியில் மனிதக் குடலுக்குள் போய் நின்றார். இதை ஏன் எங்கள் இலக்கிய வகுப்பிலும் சொல்லவில்லை, நுண்ணுயிரியல் வகுப்பிலும் சொல்லவில்லை என்று இப்போதும் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

அண்ணனின் கடைசி நேரத்தில் தான் அருகில் இருந்ததாக மெச்னிகாஃப் பின்னாளில் எழுதியிருக்கிறார். சாகும்போது அண்ணனுக்கு 45 வயது. புத்தி தெளிவாகவே இருந்ததாம். படுக்கையருகே உட்கார்ந்திருந்த தம்பியிடம், மனதில் ஓடுவதை எல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். கேட்டுக்கொண்டிருந்த தம்பி ஏற்கெனவே சாவோடு இரண்டு முறை மோதியவர். 1869-இல் அவருக்குக் கல்யாணம். மணப்பெண் லுட்மிலாவுக்குக் காசநோய். தேவாலயத்துக்கு நடந்து வர முடியாமல் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். நான்கு ஆண்டு கழித்து மதீரா தீவில் அவர் இறந்தார். மெச்னிகாஃப் மார்ஃபினை விழுங்கினார். அளவுக்கு மேல் விழுங்கியதால் வாந்தி வந்து பிழைத்துக்கொண்டார்.

அதற்குச் சில நாள் கழித்து ஜெனீவாவில் ஒரு பாலத்தின் மேல் நடந்துகொண்டிருக்கிறார். விளக்கைச் சுற்றிப் பூச்சிக் கூட்டம். மேஃப்ளை என்று நினைக்கிறார். நம்ம ஊர் ஈசல் மாதிரி, சிறகு முளைத்தபின் சில மணி நேரம்தான் ஆயுசு, அந்த நேரத்தில் சாப்பிடக்கூட வாய் கிடையாது. 'சாப்பிடாமல், சில மணி நேரமே வாழும் ஒரு உயிரின் மேல் இயற்கைத் தேர்வு எப்படி வேலை செய்யும்?' என்று ஒரு கேள்வி வருகிறது. கேள்வி வந்ததும் சாகிற எண்ணம் போய்விட்டது. இதை அவருடைய இரண்டாம் மனைவி ஓல்கா எழுதிய வாழ்க்கை வரலாற்றில் பார்க்கலாம். அவர் பார்த்தது மேஃப்ளையே இல்லை, வேறு வகைப் பூச்சி என்பது பிறகு தெரிந்த விஷயம். ஆனாலும் கேள்வி நின்றுவிட்டது. வாழ்நாள் என்பதற்கு ஒரு இயற்கையான முடிவு உண்டா?

இரண்டாவது முறை, 1881. ஓல்காவுக்கு டைஃபாய்டு வந்து மீண்டிருந்த காலம். அரசியல் நெருக்கடி, வேலையில் தொல்லை, இதய நோய். இந்த முறை, வீட்டாருக்குத் தற்கொலை என்று தெரியக்கூடாது, சாவும் அறிவியலுக்குப் பயன்பட வேண்டும் என்று, மறுகாய்ச்சல் நோயாளியின் இரத்தத்தைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டார். அதிலும் பிழைத்தார். அண்ணன் இறந்ததும் அதே ஆண்டில்தான்.

அதற்கு அடுத்த ஆண்டு நடந்ததுதான் பாடப்புத்தகங்களில் வருகிறது. சிசிலித் தீவின் மெசினா நகரில், வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த நேரம், கண்ணாடி போலத் தெளிவான நட்சத்திரமீன் குஞ்சின் உடலுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருந்தன. உடலுக்குள் அந்நியப் பொருளை விழுங்கும் காவல் செல்கள் உண்டு என்ற கண்டுபிடிப்பு அது. 1908-இல் நோபல் பரிசு அதற்காகத்தான், பால் எர்லிக்கோடு சேர்த்து. ஆனால் பரிசு வந்த நேரத்தில் உலகமே அவரைத் தயிர்க்காரராகத்தான் தெரிந்து வைத்திருந்தது.

1888 முதல் அவர் பாரிஸில், பாஸ்டர் நிறுவனத்தில். காலரா பரவிய 1890களின் தொடக்கத்தில் காலராக் கிருமியை வளர்த்து, தானே குடித்தார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொருவர் குடித்தார், அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதாகக் குடித்த இளைஞர் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். மெச்னிகாஃப் ஆடிப்போனார். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது. ஆனால் அந்தக் குற்ற உணர்விலிருந்து ஒரு நல்ல கேள்வி பிறந்தது: ஒரே கிருமி, ஒரே அளவு, ஏன் ஒருவருக்கு மட்டும் நோய்? தட்டுகளில் மற்றக் கிருமிகளோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தபோது, சில கிருமிகள் காலராவை வளரவிட்டன, சில அடக்கின. ஆக, குடலுக்குள் ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்பது முக்கியம். மனிதக் குடல் பாக்டீரியாவைப் பற்றிய நம்முடைய இன்றைய பேச்செல்லாம் இந்தக் கேள்வியின் பேரப்பிள்ளைகள்தான்.

அங்கிருந்து அவர் முதுமைக்குப் போன வழி கொஞ்சம் வளைசல். முடி நரைப்பது ஏன்? விழுங்கும் செல்கள் முடியின் நிறத்தைத் தின்றுவிடுகின்றன என்றார். மூளை தளர்வது ஏன்? அதே செல்கள் நரம்புச் செல்களைத் தின்கின்றன. அதாவது, நம்மைக் காக்கும் காவல்காரனே வயதான காலத்தில் வீட்டைக் கொள்ளையடிக்கிறான். சரி, காவல்காரன் ஏன் கெட்டுப்போனான்? இந்த இடத்தில்தான் பெருங்குடல் வருகிறது. அங்கே அழுகல் கிருமிகள் இருக்கின்றன. அவை உண்டாக்கும் ஃபீனால், இண்டோல் போன்ற பொருட்கள் இரத்தத்தில் கசிந்து, உறுப்புகளை மெல்ல மெல்ல விஷமாக்குகின்றன. பலவீனமான செல்களைக் காவல்காரன் தின்கிறான். பறவைகளுக்குப் பெருங்குடல் சின்னது, அதனால் கிளி நீண்ட நாள் வாழ்கிறது. பாலூட்டிகளுக்கு ஏன் பெரிசு? புலி துரத்தும்போது மலம் கழிக்க நின்றால் செத்தது, அதனால் சேர்த்துவைக்க ஒரு கிடங்கு வேண்டியிருந்தது என்றார். இதைப் படித்துவிட்டு அலுவலகத்தில் சத்தமாகச் சிரித்து எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சும்மா வாயால் சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். பழந்தின்னி வௌவால்களைப் பாரிஸுக்கு வரவழைத்து, சகாக்களோடு சேர்ந்து அவற்றின் குடலை ஆராய்ந்து 1909-இல் கட்டுரை வெளியிட்டார். வௌவாலும் பாலூட்டிதான், ஆனால் குடல் குட்டை, கிருமி குறைவு, உடம்பின் அளவுக்கு ஆயுசு அதிகம். வௌவால் ஏன் அவ்வளவு காலம் வாழ்கிறது என்று இன்றைக்கும் ஆராய்கிறார்கள். விடை குடலில் மட்டும் இல்லை, ஆனால் கேள்வியை அன்றைக்கே சரியான பிராணியிடம் கேட்டிருக்கிறார்.

1904 ஜூன் 8. பாரிஸில் முதுமை பற்றி ஒரு பொதுச் சொற்பொழிவு. அழுகல் கிருமிகளை அடக்க அமிலம் போதும், பாலைப் புளிக்கவைக்கும் கிருமிகள் அமிலம் தருகின்றன, பல்கேரியாவில் புளித்த பாலைத் தினமும் சாப்பிடுகிறார்கள், அங்கே நிறையப் பேர் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று சொன்னார். பேச்சில் இது ஒரு சின்னப் பகுதிதான். மறுநாளிலிருந்து பத்திரிகைகளுக்கு மற்றதெல்லாம் மறந்துபோய், தயிர் மட்டும் நினைவில் நின்றது. அவர் பெயரோடு 'லாக்டோபாசிலின்' என்ற பொருள் விற்பனைக்கு வந்தது. தயிர் விற்றுச் சம்பாதிக்கிறார் என்ற பேச்சும் கூடவே வந்தது, அவர் மறுத்துக்கொண்டே இருந்தார்.

பல்கேரியத் தயிரின் கிருமியை அடையாளம் கண்டவர் ஒரு மருத்துவ மாணவர். பெயர் ஸ்டாமென் கிரிகோரோவ், பல்கேரியாவின் ஸ்டுடென் இஸ்வோர் கிராமத்துக்காரர். ஜெனீவாவில் படிக்கும்போது ஊரிலிருந்து கொண்டுவந்த தயிரை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்து 1905-இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு 27 வயது, கிட்டத்தட்ட என் வயசு. இன்றைக்குக் கடையில் வாங்கும் எந்தத் தயிர் டப்பாவின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் 'பல்காரிகஸ்' என்ற சொல் இருக்கும். அது அவர் நாட்டின் பெயரிலிருந்து வந்த சொல்.

அடுத்து வந்ததுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடிக்காத பகுதி. உடல் தன்னைத்தானே விஷமாக்கிக்கொள்கிறது என்ற கருத்து மெச்னிகாஃபுக்கு முன்பே பாரிஸில் இருந்தது. ஷார்ல் புஷார் 1887-இல் அதைப் பெயர் வைத்து எழுதிவிட்டார். மெச்னிகாஃபின் புகழ் அதற்குச் சிறகு கொடுத்தது. லண்டனில் கய்ஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஆர்புத்நாட் லேன், எலும்பு முறிவுக்கு உலோகத் தகடு பொருத்துவதில் கெட்டிக்காரர், மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுக்கத் தொடங்கினார். நோயாளிகளில் பலர் பெண்கள். சிலர் அறுவையிலேயே இறந்தார்கள். மெச்னிகாஃப் கத்தியைத் தொடவில்லை, தயிர் போதும் என்றார். ஆனால் பெருங்குடல் தேவையில்லாத உறுப்பு என்று எழுதியவர் அவர்தானே. அந்த வரியிலிருந்து கத்திக்கு ரொம்ப தூரம் இல்லை.

1922-இல் ஒரு அமெரிக்க மருத்துவர் இதை முடித்துவைத்தார். தன்னார்வலர்கள் சிலரை நாட்கணக்கில் மலம் கழிக்காமல் இருக்கச் சொன்னார். தலைவலி, மந்தம், எரிச்சல். பிறகு மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்தார். அதே தலைவலி, அதே மந்தம். பஞ்சுக்கு ஏது விஷம்? அழுத்தத்தால் வருகிற தொல்லை அது. அவ்வளவுதான். எத்தனை பேருடைய பெருங்குடல் காப்பாற்றப்பட்டிருக்கும், அந்தப் பஞ்சு பத்து வருஷம் முன்னாடி வந்திருந்தால்.

நான் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டிய இடம் இது. அந்தக் காலத்து எழுத்துகளில் பெருங்குடலைச் சாக்கடை என்று சொல்லும் பழக்கம் நிறைய. சாக்கடையைப் பார்க்காதவர்கள் சொன்ன உவமை அது. காற்றூட்டத் தொட்டியின் மேல் நின்று பார்த்தால், அந்தப் பழுப்பு நிறக் குழம்புதான் வேலையாள். அதற்குள் இருக்கும் பாக்டீரியாக்கள்தான் ஊர் அழுக்கைத் தின்று தண்ணீராக்குகின்றன. 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெனும் லாக்கெட்டும் அறிவித்த முறை அது. கசடைத் தூக்கி எறியாமல் திரும்பத் திரும்பத் தொட்டிக்கே அனுப்பியதுதான் அவர்கள் செய்த காரியம். மெச்னிகாஃப் உயிரோடு இருந்தபோதே வந்த செய்தி. எங்கள் பதிவேட்டில் தினமும் 'சிலட்ஜ் ஏஜ்' என்று ஒரு எண் எழுதுவோம், தொட்டிக்குள் கசடு சராசரியாக எத்தனை நாள் தங்குகிறது என்று. ரொம்ப இளசாக இருந்தால் படியாது. ரொம்ப முற்றினால் பொடிப்பொடியாக உடைந்து மேலே மிதக்கும். எந்தக் கிருமி நல்லது, எது கெட்டது என்று நாங்கள் கேட்பதில்லை. தீனி என்ன, காற்று எவ்வளவு, எத்தனை நாள் என்றுதான் கேட்போம். மெச்னிகாஃப் கிருமிகளைப் போலீஸ், திருடன் என்று பிரித்துப் பார்த்தார். அவர் கண்டுபிடித்ததே போலீஸ் செல் என்பதால் இருக்கலாம்.

1909 மே 30-இல் அவரும் ஓல்காவும் யஸ்னயா போல்யானாவுக்குப் போனார்கள். டால்ஸ்டாய்க்கு 80 வயது, மெச்னிகாஃபுக்கு 64. ஒருவர் இவான் இலியிச்சைக் கதையில் சாகடித்தவர், இன்னொருவர் நிஜத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தவர். டால்ஸ்டாய் அவரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு தனியாகப் பேசிப் பார்த்தார். பேச்சு ஒட்டவில்லை. நல்ல மனுஷன், எளிமையானவர், சிலருக்குக் குடி எப்படியோ அப்படி இவருக்கு விஞ்ஞானம் ஒரு பலவீனம் என்ற பொருளில் டால்ஸ்டாய் பிறகு வீட்டில் சொல்லியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், டால்ஸ்டாயே உடம்பு சரியில்லாதபோது சமாரா புல்வெளிக்குப் போய், குதிரைப்பாலைப் புளிக்கவைத்த குமிஸை வாரக்கணக்கில் குடித்து வந்தவர். மெச்னிகாஃப் பல்கேரியாவைச் சொல்வதற்கு முப்பது, நாற்பது வருஷம் முன்பே.

இருவருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் தயிரைப் பற்றியது இல்லை. இவான் இலியிச்சின் பயத்துக்குக் காரணம், அவன் பொய்யாக வாழ்ந்தது என்றார் டால்ஸ்டாய். காரணம், அவன் 45 வயதில் செத்தது என்றார் மெச்னிகாஃப். அவருடைய நம்பிக்கை இதுதான்: பசி அடங்குவதுபோல வாழ்க்கையும் ஒரு கட்டத்தில் நிறைந்துவிடும், நாள் முடிந்தால் தூக்கம் வருவதுபோல ஆயுள் முடிந்தால் சாவதற்கான விருப்பம் தானாக வரும், நாம் எல்லோரும் அந்த இடத்துக்குப் போய்ச்சேரும் முன்பே நோயில் செத்துவிடுவதால்தான் பயப்படுகிறோம். அவர் கேட்டது சாகாவரம் இல்லை. போதும் என்று தோன்றும்வரை வாழ விட வேண்டும், அதற்குக் குடலைச் சரிசெய்ய வேண்டும். முதுமையை ஆராயும் துறைக்கு 1903-இல் அவர் வைத்த பெயர்தான் இன்றுவரை நிற்கும் ஜெரண்டாலஜி.

53 வயதிலிருந்து அவர் புளித்த பால் சாப்பிட்டார், பச்சைக் காய்கறி தொடவில்லை. 1916 ஜூலை 15-இல் இதய நோயால் பாஸ்டர் நிறுவனத்திலேயே இறந்தார். வயது 71. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம், நூறு வாழச் சொன்னவர் எழுபத்தொன்றில் போய்விட்டார் என்று. என் வீட்டார் ஆயுசுக்கு இதுவே அதிகம், நான் தொடங்கியதும் தாமதம் என்று அவரே முன்கூட்டிச் சமாதானம் எழுதி வைத்திருந்தார். கடைசி நாளில் சக ஆய்வாளர் சலிம்பெனியிடம், தான் இறந்தபின் குடலைக் கவனமாகப் பார்க்கச் சொல்லி வேண்டிக்கொண்டார். அண்ணன் படுக்கையில் தன் மனதைச் சொல்லிக்கொண்டே போனார், தம்பி குடலைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சாம்பல் பாஸ்டர் நிறுவன நூலகத்தில் ஒரு தாழியில் இருக்கிறது.

ஐந்தாண்டு கழித்து யேல் பல்கலைக்கழகத்தின் ரெட்கரும் செப்லினும், பல்கேரியக் கிருமி மனிதக் குடலில் குடியேறுவதில்லை என்று காட்டிவிட்டார்கள். வந்து, தங்காமல், போய்விடுகிறது. கோட்பாடு படுத்தது. ஆனால் வியாபாரம் படுக்கவில்லை. 1919-இல் பார்சிலோனாவில் ஐசக் கராஸோ தயிர் தயாரித்து மருந்துக்கடைகளில் விற்கத் தொடங்கி, மகன் டேனியலின் செல்லப்பெயரால் டனோன் என்று பெயரிட்டார். அந்த டேனியல் 2009-இல் 103 வயதில் இறந்தார். ஜப்பானில் மினோரு ஷிரோட்டா 1930-இல் பித்தநீரைத் தாங்கிக் குடல்வரை உயிரோடு போகும் ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து, 1935-இல் யாகுல்ட்டைக் கொண்டுவந்தார். யாகுல்ட் என்ற பெயரே எஸ்பெராண்டோ மொழியில் தயிருக்கான சொல்லிலிருந்து வந்தது. நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் கதவில் வரிசையாக நிற்கும் யாகுல்ட், விட்டாஜென் பாட்டில்களுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா அந்த 1904 சொற்பொழிவுதான்.

கேள்விக்குத் திரும்ப உயிர் கொடுத்ததும் ஜப்பான்தான். தொமொதாரி மித்சுவோகா, காற்றுப் பட்டால் செத்துவிடும் குடல் கிருமிகளைப் பாட்டிலுக்குள்ளேயே வளர்த்து எண்ணும் முறையை 1969-இல் உருவாக்கினார். பிறகு வயது வாரியாக எண்ணினார். தாய்ப்பால் குழந்தையின் குடலில் பிஃபிடோ பாக்டீரியாதான் ராஜா. பால் மறந்து சோறு தொடங்கியதும் மற்றவை பெருகுகின்றன. முதுமையில் பிஃபிடோ இறங்கி, அழுகல் வகை ஏறுகிறது. அவர் போட்ட வரைபடத்தை இன்றுவரை எல்லோரும் திரும்பத் திரும்ப வரைகிறார்கள். யமனாஷி மாநிலத்தில் யுசுரிஹாரா என்று ஒரு மலைக்கிராமம், நீண்ட ஆயுளுக்குப் பெயர் போனது. அங்குள்ள கிழவர்களையும் தோக்கியோ முதியவர்களையும் ஒப்பிட்ட பென்னோ குழுவின் ஆய்வு 1989-இல் வந்தது. கிராமத்தவர் குடலில் பிஃபிடோ கூடுதல், கிளஸ்ட்ரிடியம் குறைவு. அவர்கள் சாப்பிட்டது சிறுதானியம், கிழங்கு, காய்கறி. அதே ஊரில் சாலையும் பஸ்ஸும் வந்தபின் சாப்பாடு மாறி, நடுவயதினர் பெற்றோருக்கு முன்பே சாகத் தொடங்கினார்கள் என்று ஊர் மருத்துவர் எழுதிய பதிவும் உண்டு. எண்பது வயதுக் கிழவி ஐம்பது வயது மகனைப் புதைக்கிறாள். இதற்குப் பாக்டீரியா மட்டும் காரணமா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இப்போது மரபணு வரிசையைப் படித்தே கிருமிகளை எண்ணுகிறார்கள். 2016-இல் இத்தாலியின் எமிலியா ரொமாஞாவில் 105 முதல் 109 வயதுள்ள 24 பேரின் குடல் கிருமிகளைப் பார்த்தார்கள். இளமையில் அதிகமாக இருக்கும் குடும்பங்கள் வயதோடு குறைந்துகொண்டே போயின. அதில் வியப்பில்லை. ஆனால் 105ஐத் தாண்டியவர்களிடம் அக்கெர்மன்சியா, கிறிஸ்டென்செனெல்லா குடும்பம், பிஃபிடோ எல்லாம் கூடுதலாகத் தென்பட்டன. 2021-இல் கெனியா ஹோண்டாவின் குழு, சராசரி வயது 107 ஆன 160 ஜப்பானியர்களை எடுத்துக்கொண்டது. அவர்கள் குடலில் சில கிருமிகள், பித்த அமிலத்தை மாற்றி அபூர்வமான ஒரு வடிவத்தைச் செய்கின்றன. மருத்துவமனைகளில் முதியவர்களைக் கொல்லும் டிஃபிசில் வயிற்றுப்போக்குக் கிருமியை அது அடக்குகிறது. ஒரு கிருமி இன்னொன்றை அடக்கும் என்று காலரா நேரத்தில் மெச்னிகாஃப் தட்டுகளில் கண்ட அதே காட்சி.

2017-இல் கனடாவில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு அவருக்கு இன்னும் பிடித்திருக்கும். கிருமியே இல்லாமல் வளர்ந்த எலிகளுக்கு, வயதோடு வரும் அழற்சி வரவில்லை. சாதாரணக் கிழ எலிகளுக்குக் குடல் சுவர் கசிந்தது, விழுங்கும் செல்கள் பாக்டீரியாவைக் கொல்லும் திறன் குறைந்தது. கசிவு, அழற்சி, கெட்டுப்போன காவல்காரன். கதைச்சுருக்கம் அப்படியே 1903. ஆனால் அவர் விஷம் என்று வெறுத்த இண்டோல் வகைப் பொருட்கள், அதே 2017-இல் வந்த வேறொரு ஆய்வில், புழு, ஈ, எலி மூன்றிலும் முதுமையில் ஆரோக்கியமாக இருக்கும் காலத்தை நீட்டின. சிறுநீரகம் பழுதானவர்களிடம் சேரும் நச்சுகளில் ஒன்று இண்டோலிலிருந்து வருவதும் உண்மை. ஆளைப் பொறுத்து, அளவைப் பொறுத்து. சிலட்ஜ் ஏஜ் மாதிரிதான்.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு விடவில்லை. செத்துப்போன 99 பேரிடம் போய்க் கேட்க முடியாது. உயிரோடு இருக்கும் நூறு வயதுக்காரரின் குடலில் ஒன்று இருக்கிறது என்றால், அதனால் அவர் வாழ்ந்தாரா, வாழ்ந்ததால் அது இருக்கிறதா? வயதே பொய்யாக இருந்தால் இன்னும் மோசம். 1896-இல் பல்கேரியா, செர்பியா, ருமேனியா மூன்றிலும் சேர்த்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நூறு வயதுக்காரர்கள் என்ற கணக்கை மெச்னிகாஃப் எடுத்துச் சொன்னார், மிகையாகத் தெரிகிறது என்று அவரே ஒப்புக்கொண்டும் சொன்னார். பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத இடங்களில்தான் நூறு வயதுக்காரர்கள் கூட்டமாகக் கிடைக்கிறார்கள் என்று காட்டியதற்காக சால் நியூமனுக்கு 2024-இல் இக் நோபல் கொடுத்தார்கள். இன்றைய பல்கேரியா, ஐரோப்பிய ஒன்றியத்திலேயே சராசரி ஆயுள் மிகக் குறைந்த நாடுகளில் ஒன்று. தயிர் அப்படியேதான் இருக்கிறது.

என்னை நேராகத் தொட்டது அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வு. 2012-இல் வெளிவந்தது. 178 முதியவர்கள். சொந்த வீட்டில் இருப்பவர்களின் குடல் கிருமிகள் பலவகை. நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் இருப்பவர்களிடம் வகை சுருங்கிவிட்டது. வகை சுருங்கச் சுருங்க உடல் தளர்ச்சியும் அழற்சியும் கூடின. இல்லத்துக்குள் போனவுடன் சாப்பாடு மாறிவிடுகிறது, கிருமிகள் கொஞ்சம் தாமதமாக மாறுகின்றன. அதாவது, முதலில் தட்டு, பிறகுதான் குடல்.

பாட்டியின் தட்டு எனக்குத் தெரியும். மதியம் வெள்ளைக் கஞ்சி, அரைத்த கேரட், அரைத்த கோழி. எல்லோருக்கும் ஒரே அரைப்பு, பல் இருக்கிறவருக்கும் இல்லாதவருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சின்னப் பாட்டில் இனிப்புப் பால்பானம், ஷிரோட்டாவின் தூரத்துச் சொந்தம். தோட்டத்தில் இருந்த காலத்தில் காலை 5 மணிக்குப் பால்வெட்டப் போகும் முன் பழைய சோற்றில் மோரும் உப்பும் விட்டுக் கரைத்துக் குடித்த ஆள் அவர். அரைக்கீரை, முருங்கை, கடலை, மொச்சை இல்லாத நாள் கிடையாது. கார்க் ஆய்வை அச்சடித்து மேற்பார்வையாளரிடம் நீட்டலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். நல்லவேளை, செய்யவில்லை. இரண்டு பேர் பதினெட்டுப் பேருக்கு ஊட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் பாக்டீரியா வகை பற்றிப் பேசினால் என்னைத்தான் அடைப்பார்கள். தவிர, மரியா பிரான்யாஸ் இருக்கிறார். 1907-இல் பிறந்தவர், நல்ல ஆயுளைப் பற்றிய மெச்னிகாஃபின் நூல் பாரிஸில் வந்த அதே ஆண்டு. 2024-இல் ஸ்பெயினில் 117 வயதில் இறந்தார், உலகிலேயே மூத்தவராக. தினம் மூன்று தயிர், குடலில் இளசுகளைப் போல பிஃபிடோ என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். கடைசி இருபது ஆண்டுக்கும் மேல் அவர் வாழ்ந்ததும் ஒரு முதியோர் இல்லத்தில்தான்.

ஒரு நாள் பாட்டியிடம் கேட்டேவிட்டேன், சாவுன்னா பயமா பாட்டி என்று. மெச்னிகாஃபுக்காகக் கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 87 வயசு, அவர் சொன்ன அந்தப் போதும் என்ற இடத்துக்கு வந்திருக்க வேண்டும். பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன்டா, ஏதாச்சும் டாக்டர் சொன்னாரா?" என்றார். பிறகு ரொம்ப நேரம் என் கையை விடவே இல்லை.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் சர்க்கரை போடாத தயிர் கொண்டுபோக அனுமதி வாங்கியிருக்கிறேன். அம்மா முதல் நாள் இரவே உறை ஊற்றி வைத்துவிடுவார். பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி வாயில் வைத்ததும் பாட்டி முகம் சுளிக்கிறார்.

"புளிக்கவே இல்ல. ஃபிரிட்ஜ்ல வச்சிட்டா உங்கம்மா?"